பிளெசிக்குத் தெரியாத ஒரு வரி

பிளெசிக்கு வலிப்பு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு. அப்போது அவளுக்கு எட்டு மாதம் முடிந்திருந்தது. கால் வீங்கியிருந்தது, இரண்டு நாளாகத் தலை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு அதெல்லாம் இருக்கத்தான் செய்யும் என்று ஜாய்சனின் அம்மா டோரிஸ் சொன்னார். ஜாய்சனும் அப்படித்தான் நினைத்தான். மல்லாபூரில் பம்பு தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் அவனுக்குத் தரச் சோதனைப் பிரிவில் வேலை. செவ்வாய் வார விடுமுறை என்பதால் அன்று வீட்டில் இருந்தான்.

சாப்பிட்ட தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்த பிளெசி, கண்ணுக்கு முன்னால் பூச்சி பூச்சியாகப் பறக்கிறது என்றாள். நாற்காலியைப் பிடிக்கக் கையை நீட்டினாள். அடுத்த நிமிடம் தரையில் கிடந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. நாக்கு பல்லிடுக்கில் சிக்கி வாயோரம் ரத்தம் வழிந்தது. ஜாய்சன் அவள் தலையைத் தன் தொடையில் தூக்கி வைத்துக்கொண்டு பெயர் சொல்லிக் கத்தினான். திறந்திருந்த அவள் கண்கள் அவனைப் பார்க்கவில்லை. அந்தக் கண்களைத்தான் பிறகு பல வருடம் அவன் கனவில் கண்டான்.

மெட்டுகுடாவில் இருந்த வீட்டிலிருந்து பத்து நிமிட தூரத்தில் இருந்த ஒரு நர்சிங் ஹோமுக்கு ஆட்டோவில் கொண்டு போனார்கள். அங்கே இன்னொரு முறை வலிப்பு வந்தது. உடனே ஆபரேஷன் என்றார்கள். பெண் குழந்தை, இரண்டு கிலோவுக்குச் சற்று மேல், அழுதது என்று ஒரு நர்ஸ் தெலுங்கில் வந்து சொன்னாள். பத்து நிமிடம் கழித்து டாக்டரே வெளியே வந்தார். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, ஹிந்தியில், வேகமாகப் பேசினார். தாயின் பி.பி. இன்னும் இறங்கவில்லை. பிழைத்து வந்தாலும் சீக்கிரத்தில் இன்னொரு கர்ப்பம் தரித்தால் உயிருக்கே ஆபத்து. குறைந்தது மூன்று வருடமாவது இடைவெளி வேண்டும். வயிறு திறந்திருக்கும்போதே கர்ப்பப்பைக்குள் காப்பர் டி வைத்துவிடலாம், பிறகு வேண்டும் என்கிறபோது எடுத்துக்கொள்ளலாம். அவளுக்கு நினைவு திரும்பியதும் நீங்களே சொல்லிவிடுங்கள் என்று காகிதத்தை நீட்டினார்.

ஜாய்சன் கையெழுத்துப் போட்டான். அந்த நேரத்தில் எதை நீட்டியிருந்தாலும் போட்டிருப்பான்.

சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தான். மூன்று நாள் அவள் ஐ.சி.யூ.வில் கிடந்தாள். நாலாம் நாள் கண் விழித்துக் குழந்தையைக் கேட்டாள். ஆறாம் நாள், குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு, தொண்டை கம்மிய குரலில், இதுக்கு ஒரு தம்பியோ தங்கச்சியோ வேணும் என்றாள். பிளெசி பாளையங்கோட்டையில் ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவள். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போன வீட்டில் பள்ளிக்கூடம் விட்டு வந்து சாவியால் கதவைத் திறந்து தனியே உட்கார்ந்திருந்த சாயங்காலங்களை அவனிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். இப்போது சொன்னால் அழுவாள், அழுதால் பி.பி. ஏறும் என்று அவன் பயந்தான். தேறட்டும், பிறகு சொல்லலாம் என்று விட்டான்.

டிஸ்சார்ஜ் ஷீட்டில் நாலாவது வரியில் அது இருந்தது. காப்பர் டி வைக்கப்பட்டது, ஆறாவது வாரம் வந்து காட்டவும் என்று ஆங்கிலத்தில் டைப் செய்திருந்தார்கள். பிளெசி பி.காம். படித்தவள், பார்த்தால் புரிந்துகொள்வாள். ஜாய்சன் அந்தக் காகிதத்தை இன்ஷூரன்ஸுக்கு வேண்டும் என்று சொல்லி எடுத்துப்போய்த் தொழிற்சாலையில் தன் லாக்கரில் வைத்துப் பூட்டினான். ஆறாவது வாரம் அந்த நர்சிங் ஹோமுக்கு அவளை அழைத்துப் போகவில்லை. தையலைப் பார்க்கப் பக்கத்துத் தெருவில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். அவருக்கு உள்ளே இருப்பது தெரியாது. கேட்கவும் இல்லை.

குழந்தைக்கு ஷாரன் என்று பெயர் வைத்தார்கள்.

முதல் வருடம் ஜாய்சன் பிளெசியைத் தொடவே இல்லை. அவள் பக்கத்தில் படுத்தால் அந்தத் திறந்த கண்கள் நினைவுக்கு வரும். உள்ளே காப்பர் டி இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வான். ஆனாலும் உடம்பு ஒத்துக்கொள்ளாது. பிளெசி பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒருநாள், பிள்ளை பெத்ததுல நான் உங்களுக்குப் பிடிக்காமப் போயிட்டேனா என்று கேட்டாள். அன்றுதான் மறுபடி சேர்ந்தார்கள். அவனுக்குப் பயமும் இருந்தது, நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதிக்குக் காரணம் என்னவென்று அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

ஷாரனுக்கு இரண்டு வயது முடிந்தபோது பிளெசி நாள் எண்ண ஆரம்பித்தாள். எந்த நாளில் சேர்ந்தால் தங்கும் என்று மொபைலில் பார்த்துக் குறித்து வைத்தாள். சேர்ந்த பிறகு இடுப்புக்குக் கீழே தலையணை வைத்து அரைமணி நேரம் அசையாமல் படுத்திருப்பாள். அந்த அரைமணி நேரமும் ஜாய்சன் அவள் பக்கத்தில் கிடந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பான். இன்றைக்குச் சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று சொல்லும். வாய் திறந்தால் இத்தனை நாளாக ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். டாக்டர் சொன்ன மூன்று வருடம் முடியட்டும், யாருக்கும் தெரியாமல் ஏதாவது காரணம் சொல்லி அழைத்துப்போய் எடுத்துவிடலாம் என்று நினைத்தான். மூன்று வருடமும் முடிந்தது. முடிந்தபோது அவனுக்கு அவள் மறுபடி கர்ப்பமாவதை நினைத்தாலே வியர்த்தது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

டோரிஸ் வாயாடி இல்லை, கெட்டவரும் இல்லை. ஆனால் இரண்டாவது எப்போது என்று சபையில் நாலு பேர் கேட்கும்போது, எங்க பக்கம் ஒண்ணும் குறையில்ல ஹவ், அவ உடம்புதான் பலவீனம் என்று, ஆமாம் என்பதற்கு அந்த ஊர் ஹிந்தியில் சொல்கிற ஹவ்வையும் சேர்த்துச் சொல்வார். வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் பிளெசியை நடுவில் மண்டியிடச் சொல்லி, தலையில் கை வைத்துக் குழந்தை பாக்கியத்துக்காக ஜெபித்தார்கள். ஜாய்சனும் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னான்.

ஒருமுறை பிளெசி, ரெண்டு பேருமே டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம் என்றாள். ஜாய்சன் மட்டும் போய் விந்துப் பரிசோதனை செய்துகொண்டு வந்தான். எல்லாம் சரியாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. டோரிஸ் ஸ்தோத்திரம் சொன்னார். பிளெசி அன்று முழுவதும் யாரிடமும் பேசவில்லை. அடுத்து அவளுக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றபோது, ஆஸ்பத்திரி வேண்டாம், கர்த்தர் தருகிறபோது தருவார் என்று ஜாய்சன் சொல்லிவிட்டான். அதற்குமுன் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கே தாமதமாக வருகிறவன் அவன். இவனுக்கு எவ்வளவு விசுவாசம் என்று பாஸ்டர் மற்றவர்களிடம் சொன்னார்.

அந்த வருடத்திலிருந்து பிளெசிக்கு மாதவிடாய் அதிகமாகப் போக ஆரம்பித்தது. முதலில் ஆறு நாள், பிறகு ஒன்பது நாள். கட்டி கட்டியாகப் போகிறது என்றாள். சேரும்போது உள்ளே குத்துகிற மாதிரி வலி. ஒருநாள் வலியில் அவனைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அதோடு சேர்வதும் நின்றுபோனது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. நகம் வெளுத்தது. ஷாரனைப் பள்ளிக்குக் கூட்டிப்போகும்போது பாதி வழியில் நின்று நின்று போனாள்.

ஜாய்சன் தொழிற்சாலைக் கழிவறையில் நின்றுகொண்டு மொபைலில் தேடினான். காப்பர் டி இடம் மாறலாம், கர்ப்பப்பைச் சுவரைக் குத்தலாம், அரிதாகக் குடல் வரைக்கும் போகலாம் என்று படித்தான். எங்கே எல்லாம் போகும் என்று ஒரு படம் போட்டிருந்தார்கள். அவள் சாகாமல் இருக்கத்தான் கையெழுத்துப் போட்டான். இப்போது அதுவே அவளைக் கொல்கிறதோ என்ற எண்ணம் அன்றிலிருந்து அவனை விடவில்லை. இயந்திரத்திலிருந்து வருகிற பம்புகளை அளக்கிற வேலையில் அளவை இரண்டு முறை தப்பாக எழுதினான். மேற்பார்வையாளர் கூப்பிட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

ஆகஸ்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனையில் எல்லோரும் பாட்டுக்கு எழுந்து நின்றபோது பிளெசி மட்டும் சரிந்து விழுந்தாள். பெஞ்சில் தலை மோதும் சத்தம் கேட்டு ஜாய்சன் திரும்பினான். மறுபடி வலிப்பு என்றுதான் நினைத்தான். அது மயக்கம்தான். ஆனால் அவள் புடவையின் பின்பக்கம் நனைந்து சிவந்திருந்தது.

அங்கிருந்து நேராகக் கொண்டுபோய்க் காட்டிய டாக்டர் வசந்தகுமாரி சித்தூர்க்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏழுதான் இருக்கிறது என்றார். இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று கேட்டார். பிளெசி ஜாய்சனைப் பார்த்தாள். அவன் மேசையைப் பார்த்தான். உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும், முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் ஷீட்டையும் கொண்டு வாருங்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் பிளெசி அந்த ஷீட்டைக் கேட்டாள். இன்ஷூரன்ஸ்காரர்கள் திருப்பித் தரவில்லை என்றான் ஜாய்சன். ஆஸ்பத்திரியிலேயே நகல் கேட்டுப் பார்க்கலாமே என்றாள். கொரோனா சமயத்தில் அந்த நர்சிங் ஹோமை மூடிவிட்டார்கள் என்றான். அது உண்மைதான். இத்தனை நாளில் அவன் சொன்னவற்றில் அது ஒன்றாவது உண்மையாக இருந்ததில் அவனுக்கு ஒரு கணம் ஆறுதல்கூட வந்தது. பிறகு தன்னை நினைத்துத் தனக்கே அருவருப்பாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை தார்நாக்காவில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனார்கள். மூத்திரம் முட்டும்வரை தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். பிளெசி ஒரு லிட்டர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு மடக்கு மடக்காகக் குடித்தாள். அவர்களுக்கு முன்னால் நாலு பேர் இருந்தார்கள். அவள் கை சில்லென்று இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, தன் சித்தி ஒருத்தி கர்ப்பப்பையில் கட்டி வந்து நாற்பது வயதில் செத்துப்போனதைச் சொன்னாள். அவளுக்கும் இப்படித்தான் முதலில் ரத்தம் போனதாம். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா ஷாரன எங்கம்மாகிட்ட அனுப்பிராதீங்க, நீங்களே வச்சுக்கோங்க என்றாள்.

ஜாய்சனால் அதற்குமேல் முடியவில்லை.

"பிளெசி, கட்டி இல்ல" என்றான்.

"அது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

"உள்ள காப்பர் டி இருக்கு."

"யாருக்கு?"

"உனக்கு. ஷாரன் பிறந்த அன்னைக்கே வச்சாங்க. நான்தான் கையெழுத்துப் போட்டேன். இன்னொரு தடவ மாசமானா நீ செத்துப்போயிடுவன்னு சொன்னாங்க."

அவள் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினாள். மூடிக்கொண்டதா என்று மறுபடி திருகிப் பார்த்தாள்.

"அஞ்சு வருசமா?" என்றாள்.

"நாலரை."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. பிளெசி அவனை நேராகப் பார்த்தாள். சத்தம் போடவில்லை.

"அப்ப ஆஸ்பத்திரில போய் அந்த டெஸ்ட் எடுத்துட்டு வந்தீங்களே. அது எதுக்கு?"

உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். ஜாய்சனும் எழுந்தான். நீங்க வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து உள்ளே போனாள்.

கதவு மூடியிருந்த அந்த இருபது நிமிடமும் ஜாய்சன் நின்றுகொண்டே இருந்தான். குடலுக்குப் போயிருக்குமோ, கர்ப்பப்பையை எடுக்க வேண்டுமோ, அவள் இனி தன்னோடு வீட்டுக்கு வருவாளோ என்று ஒவ்வொன்றாக வந்து அவனை அழுத்தியது. எதற்கு அதிகம் பயப்பட வேண்டும் என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஜாய்சன் லாக்கரைத் திறந்து டிஸ்சார்ஜ் ஷீட்டை எடுத்து வந்தான். டாக்டர் வசந்தகுமாரி அதையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். காப்பர் டி திரும்பிக் கிடக்கிறது, அதன் ஒரு கை கர்ப்பப்பையின் தசைக்குள் குத்தி நிற்கிறது என்றார். முதலில் நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்ற வேண்டும், இரண்டு வாரம் கழித்து மயக்கம் கொடுத்து, உள்ளே கேமரா விட்டு எடுக்க வேண்டும். பெரும்பாலும் அப்படியே வந்துவிடும். வராவிட்டால் வயிற்றில் துளை போட வேண்டியிருக்கும்.

பிளெசி கேட்டாள், "டாக்டர், இத வைக்கணும்னா யார்கிட்ட கேக்கணும்? எங்கிட்டயா, அவியகிட்டயா?"

"உங்ககிட்டதான் கேட்டிருக்கணும்" என்றார் டாக்டர். பிறகு ஜாய்சனைப் பார்த்து, காப்பர் டி நல்ல சாதனம்தான், லட்சக்கணக்கான பெண்கள் தெரிந்தே வைத்துக்கொண்டு நன்றாக இருக்கிறார்கள், ஆறாவது வாரத்தில் காட்டியிருந்தால், ரத்தம் அதிகமாகப் போக ஆரம்பித்தபோதாவது வந்திருந்தால் இது இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அவனுக்கு அடி வாங்கிய மாதிரி இருந்தது.

அந்த இரண்டு வாரமும் பிளெசி ஷாரனோடு படுத்துக்கொண்டாள். சமைத்தாள், துணி மடித்தாள், அவன் கேட்டதற்குப் பதில் சொன்னாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் காய் நறுக்கிக்கொண்டே, ஒண்ணே ஒண்ணு செய்யணும், உங்கம்மாகிட்ட நீங்களே சொல்லணும், நான் சொல்ல மாட்டேன் என்றாள்.

ஜாய்சனுக்கு அம்மாவிடம் அதைப் பேசுவது மனைவியிடம் பேசியதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவர்கள் வீட்டில் இந்த மாதிரி விஷயங்களுக்கு வார்த்தையே கிடையாது. டோரிஸ் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டு ஆரம்பத்திலிருந்து சொன்னான். கையெழுத்து, லாக்கர், டெஸ்ட், ஜெபம், எல்லாம். டோரிஸ் முறத்தைக் கீழே வைத்தார். அவ தலைல கை வச்சு ஜெபம் பண்ணேனேடா, நீயும் பக்கத்துல நின்னியே என்றார். பிறகு, இனிமே எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம், நக்கோ, போ என்று எழுந்து உள்ளே போய்விட்டார். அந்த வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் நடக்கவில்லை. உடம்பு சரியில்லை என்று டோரிஸ் எல்லோருக்கும் போன் பண்ணிச் சொல்லிவிட்டார். சாயங்காலம் பிளெசி பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவளுக்கு ஒரு மாதுளம்பழத்தை உரித்துக் கொடுத்தார்.

ஆபரேஷன் அன்று காலை பத்து மணிக்கு பிளெசியை உள்ளே கொண்டு போனார்கள். அவளே கையெழுத்துப் போட்டாள், ஒவ்வொரு பக்கத்தையும் படித்துவிட்டு. ஜாய்சன் வெளியே உட்கார்ந்திருந்தான். நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். ஒரு மணி நேரம் ஆகியும் யாரும் வரவில்லை. ஒரு நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். ரத்தப் பையோடு திரும்பி வந்தாள். யாருக்கு என்று ஜாய்சன் தெலுங்கில் கேட்டான். அவள் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். ஜெபிக்கலாம் என்று பார்த்தான், வரவில்லை. ஜெபத்தைத்தான் இத்தனை நாள் மறைந்துகொள்ளப் பயன்படுத்தியிருந்தான். இப்போது அதற்குள் போக அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

ரத்தம் பக்கத்துத் தியேட்டரில் இருந்த வேறொருத்திக்கு. பதினொன்றரை மணிக்கு டாக்டர் வந்து, வந்துவிட்டது, துளை போட வேண்டிவரவில்லை, இழுப்பதற்குக் கொஞ்சம் நேரம் ஆனது என்றார். பிளெசி கண் விழித்ததும் அதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். ஒரு ஸ்டீல் கிண்ணத்தில் கொண்டு வந்து காட்டினார்கள். ஒரு விரலின் பாதி நீளம்கூட இல்லை. செம்புக் கம்பி கறுத்துப்போயிருந்தது. பிளெசி வெகுநேரம் அதையே பார்த்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் அவளாகவே பேசினாள்.

"அன்னைக்கே நான் முழிச்சதும் சொல்லிருந்தீங்கன்னா, சரின்னுதான் சொல்லிருப்பேன். எனக்கும் சாகப் பயம் இருக்காதா? மூணு வருசம் பேசாம இருந்துருப்பேன். ஒருத்தர்கிட்டயும் பேச்சு வாங்கியிருக்க மாட்டேன்."

ஜாய்சன் அழுதான். அவள் அவனைத் தேற்றவில்லை. தடுக்கவும் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஷாரனைக் கூட்டிவர நேரமாகிவிட்டது என்று எழுந்து போனாள்.

அப்படியே ஏழெட்டு மாதம் போனது. மாதவிடாய் ஒழுங்குக்கு வந்தது. பிளெசியின் நகத்தில் சிவப்பு ஏறியது. அவன் எது செய்தாலும் அவளிடம் சொல்லிவிட்டுச் செய்தான். சில சமயம் அவசியமில்லாததைக்கூடச் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள். பழையபடி ஒரே கட்டிலுக்கு வந்தாள். ஆனால் அவன் கை பட்டால் அவள் உடம்பு கொஞ்சம் இறுகுவது அவனுக்குத் தெரிந்தது. குத்துகிற வலி போய்விட்டதாக அவள் சொன்னாள். பயம் போகவில்லை போலிருந்தது. டாக்டர் வசந்தகுமாரி சொன்னபடி ஆணுறை வாங்கி வைத்திருந்தான். அது பல வாரம் அலமாரியிலேயே கிடந்தது.

ஏப்ரல் மாதத்தில் பிளெசி தனியாக டாக்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். என்ன கேட்டாள், என்ன சொன்னார் என்பதை எல்லாம் அவனை உட்கார வைத்துச் சொன்னாள். ஒருமுறை இப்படி வந்தவர்களில் நாலு பேரில் ஒருத்தருக்கு பி.பி. திரும்ப ஏறலாம். வலிப்பு வரை போவது குறைவு. மூன்றாம் மாதத்திலிருந்தே மாத்திரை போட்டுக்கொண்டு, அடிக்கடி பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் நல்லபடியாகத் தாண்டிவிடலாம். ஆனால் யாரும் உறுதி கொடுக்க முடியாது.

ஜாய்சனுக்குக் கழுத்து வியர்த்தது. வேண்டாம் பிளெசி, ஷாரன் போதும் என்றான்.

"நீங்க பயப்படுதீங்கன்னு தெரியும். எனக்கும் பயந்தான்" என்றாள் அவள். "பயந்துக்கிட்டே கூட இருங்க. ஆனா எங்கிட்ட எதையும் மறைக்கக்கூடாது."

அவனுக்குச் சம்மதம் இல்லை. ஒரு மாதம் யோசித்தான். அவளிடமே தன் பயத்தை ஒவ்வொன்றாகச் சொன்னான். திறந்திருந்த அந்தக் கண்களைப் பற்றி முதல்முறையாகச் சொன்னான். அவளுக்கு அன்று நடந்தது எதுவுமே நினைவில்லை, தான் விழுந்தது எப்படி என்று அவன் வாயால்தான் முழுதாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கடைசியில் அவன் சரி என்றான்.

ஆகஸ்டில் தங்கியது. ஜாய்சன் பி.பி. பார்க்கும் கருவி ஒன்று வாங்கினான். காலையில் வேலைக்குப் போவதற்கு முன்பும் சாயங்காலம் திரும்பி வந்த பிறகும் அவள் கையில் பட்டையைச் சுற்றுவான். அது உப்பி இறுகி, பிறகு மெல்லத் தளரும் அந்த அரை நிமிடத்தில் அவன் மூச்சு விடமாட்டான். நோட்டில் எழுதுவான். நூற்றுப் பதினெட்டு, நூற்று இருபத்திரண்டு. ஆறாம் மாதம் போனது, ஏழாம் மாதமும் போனது. டோரிஸ் உப்பில்லாமல் தனியாகக் குழம்பு வைத்துக் கொடுத்தார்.

முப்பத்தைந்தாவது வாரம், மார்ச் மாதத்தின் கடைசியில் ஒரு சாயங்காலம், கருவியில் நூற்று ஐம்பத்தாறு என்று வந்தது. பட்டையை அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்றினான். நூற்று ஐம்பத்தெட்டு. பிளெசி கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். தலை லேசாக வலிப்பதாக மதியமே சொல்லியிருந்தாள்.

"எவ்வளவு?" என்றாள்.

ஜாய்சனின் நாக்கில் நூற்று முப்பது என்ற சொல் தயாராக வந்து நின்றது. அதைச் சொல்லிவிட்டு, சும்மா டாக்டரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பேச்சு மாற்றி அழைத்துப் போய்விடலாம். பயந்தால் இன்னும் ஏறுமே.

"நூத்தி அம்பத்தெட்டு" என்றான். "ரெண்டு தடவ பாத்தேன். மொதல்ல அம்பத்தாறு."

பிளெசி கண்ணைத் திறந்தாள். அவள் முகம் வெளுத்தது. பிறகு அவள், பைய எடுங்க, ஷாரன அத்தைகிட்ட விட்டுட்டு வந்துருதேன் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் வலிப்பு வராமல் இருக்க ஊசி போட்டார்கள். உடம்பெல்லாம் தீயாக எரிகிறது என்று அவள் அவன் விரல்களை நெரித்தாள். அவன் அந்தக் கையை விடவே இல்லை. தியேட்டருக்குள் கொண்டுபோகும்போதுதான் நர்ஸ் பிரித்துவிட்டாள். ஆண் குழந்தை, ஒன்றே முக்கால் கிலோ. பிளெசிக்கு வலிப்பு வரவில்லை. பி.பி. இறங்க நாலு நாள் ஆனது. குழந்தை பதினொரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அதில் இரண்டு நாள் மூச்சு திணறி எல்லோரையும் பதற வைத்தது.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். ஷாரன் தம்பியை எட்டிப் பார்த்துவிட்டு, ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறான் என்று ஹிந்தியில் கேட்டாள். பிளெசி சிரித்தாள். ஜாய்சன் குழந்தையின் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

"என்ன பாக்கீங்க?" என்றாள் பிளெசி.

"பயமா இருக்கு" என்றான்.

அவள் கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.